பூவை விடுங்கள், கணுவைப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வரவேற்பறையில் இரண்டு தொட்டிகளில் கொடி வளர்க்கிறோம். இரண்டிலும் இதய வடிவ இலைதான். இரண்டையும் மணி பிளான்ட் என்றே சொல்லி வந்தோம். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், 'இதில் ஒன்று பிலோடென்ட்ரான்' என்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உறவினர் சொன்னது சரி. படத்தில் இடப்பக்கத் தொட்டியில் இருக்கும் கொடியின் நுனியை உற்றுப் பாருங்கள். புது இலைக்குப் பக்கத்தில் காய்ந்த, பழுப்பான, மெல்லிய ஓர் உறை தொங்குகிறது. அதுதான் அடையாளம். பிலோடென்ட்ரானில் ஒவ்வொரு புது இலையும் அப்படி ஓர் உறைக்குள் சுருண்டுதான் வரும். இலை விரிந்ததும் உறை காய்ந்து, கொஞ்ச நாள் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு உதிரும். மணி பிளான்ட்டுக்கு இந்தத் தனி உறை கிடையாது. அதில் முந்தைய இலையின் காம்பு இருபுறமும் மெல்லிய விளிம்பு கட்டி நடுவில் பள்ளமாக இருக்கும். அடுத்த இலை அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து சுருள் அவிழ்ந்து வெளியே வரும்.

நுனியில் புது இலை எதுவும் இல்லையென்றால் காம்பை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். வழுக்கிக்கொண்டு உருண்டால் பிலோடென்ட்ரான். மேல்பக்கம் பள்ளம் விரலில் தட்டுப்பட்டால் மணி பிளான்ட். இலையைத் தொட்டாலும் வித்தியாசம் தெரியும். மணி பிளான்ட் இலை தடிப்பாக, மெழுகு பூசியது போலப் பளபளக்கும். இரண்டு பாதியும் சமமாக இல்லாமல் கொஞ்சம் கோணலாக இருக்கும். பிலோடென்ட்ரான் இலை மெல்லியது, காம்பு சேரும் இடத்தில் பிளவு ஆழமானது, நுனி நீண்டு கூர்மையாக முடியும். இளம் இலை சில சமயம் செம்பு நிறத்தில் வரும்.

மஞ்சள் திட்டுகளை மட்டும் நம்ப வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் மணி பிளான்ட்டின் மஞ்சள் மங்கிப் பச்சையாகிவிடும். மஞ்சள் திட்டு உள்ள பிலோடென்ட்ரான் வகைகளும் இருக்கின்றன.

மணி பிளான்ட்டை அடையாளம் காண்பதில் தாவரவியலாளர்களே பல காலம் திணறினார்கள். 1880-ல் அதைப் போத்தோஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பில், சேர்த்தார்கள். பிறகு சிண்டாப்சஸ், ராஃபிடோஃபோரா என்று இடம் மாறி, 1964-ல்தான் எபிப்ரெம்னத்தில் வந்து சேர்ந்தது. பேரினத்தை உறுதி செய்யப் பூ வேண்டும். இதுவோ தானாகப் பூப்பதே இல்லை என்று சொல்லலாம். ஜிப்ரலின் என்ற வளரூக்கியை உருவாக்கும் மரபணு இதில் சரியாக இயங்குவதில்லை என்பது 2016-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அந்த வளரூக்கியை வெளியிலிருந்து தெளித்ததும் செடி பூத்துவிட்டது! உங்கள் வீட்டுக் கொடி பூக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

கேள்வி: குடியிருப்பு வளாகத்தின் சுவரோரம் மஞ்சள் பூப் பூக்கும் புதர்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே அலமாண்டா என்கிறார்கள். சில செடிகளில் மட்டும் வழவழப்பான பச்சைக் காய் காய்த்துக் கீழே விழுகிறது, முற்றினால் கறுத்துவிடுகிறது. என் பேரன் அதைப் பொறுக்கி விளையாடுகிறான். பயப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, முதலில் பேரன் கையிலிருந்து அந்தக் காயை வாங்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் சொல்லும் காய் பொன்னரளிக் காய். ஏறக்குறைய முக்கோணமாக, குறுக்கே ஒரு விளிம்பு எழுந்து இருக்கும். உள்ளே கெட்டியான கொட்டை. அலமாண்டாவின் காய் இதற்கு நேர்மாறு. உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். காய்ந்தால் வெடித்து, விளிம்பில் மெல்லிய சிறகு வைத்த தட்டை விதைகளை உதிர்க்கும். ஆக, அந்த வரிசையில் இரண்டு செடிகள் கலந்து நிற்கின்றன.

காய் இல்லாத செடியை என்ன செய்வது? இலை தண்டில் எப்படி அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பொன்னரளியில் இலைகள் குறுகலாக, விரல் நீளத்துக்கு, பளபளவென்று இருக்கும்; ஒரு கணுவுக்கு ஓர் இலை என்று தண்டைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். அலமாண்டாவில் ஒரே கணுவிலிருந்து மூன்று நான்கு இலைகள் வட்டமாகக் கிளம்பும், இலையும் அகலம். பூவிலும் பார்க்கலாம். அலமாண்டா வாயை நன்றாக அகட்டி விரியும். பொன்னரளிப் பூ முழுக்க விரியாது. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு மணி போலத் தொங்கும். கிள்ளினால் இரண்டிலும் பால் வரும் என்பதால் பாலை வைத்துப் பிரிக்க முடியாது. பாலைக் கண்ணருகே கொண்டுபோகவும் கூடாது.

செவ்வரளியும் அந்த வரிசையில் இருந்தால் அதற்கும் அடையாளம் சொல்லிவிடுகிறேன். ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலை. தோல் போலத் தடித்து, கூராக இருக்கும். இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், நடு நரம்பிலிருந்து இருபக்கமும் மெல்லிய நரம்புகள் நெருக்கமாக, இணைகோடுகளாக ஓடும். பூவின் தொண்டையில் கிழிந்த நூல்கள் போன்ற விளிம்பு. காய் நீளக் குச்சி போன்றது. வெடித்தால் பஞ்சு வைத்த விதைகள் பறக்கும்.

பொன்னரளி, செவ்வரளி இரண்டின் எல்லாப் பாகமும் நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைகோசைடு என்ற வேதிப்பொருள்கள் அவற்றில் உண்டு. பொன்னரளி விதையில் அவை மிக அதிகம். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. வெட்டிய கிளைகளைக் கொளுத்தக் கூடாது, புகையும் கெடுதல். யாராவது வாயில் போட்டுவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள், கைவைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். காயையோ கிளையையோ ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். எந்தச் செடி என்று மருத்துவருக்கு உடனே தெரிவது பெரிய உதவி.

குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் பொன்னரளி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பூ அழகுதான். ஆனால் அதற்காக விட்டுவையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் மஞ்சள் பூவே வேண்டுமென்றால் டெக்கோமா இருக்கிறது. அதன் இலை வேப்பிலை போலச் சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரம் ரம்பப்பல்லாக இருக்கும், பால் வராது, காய் மெல்லிய நீளக் குச்சி. எந்தக் கலக்கமும் இல்லாமல் அடையாளம் தெரியும்.

கேள்வி: அலுவலக மேசைமேல் தண்ணீரில் வைத்திருக்கும் 'லக்கி பாம்பூ' உண்மையில் மூங்கில்தானா?

பதில்: இல்லை. அது டிரசீனா சாண்டரியானா, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மூங்கில் புல் வகை. அதன் தண்டு கணுவிடையில் பெரும்பாலும் குழலாக இருக்கும். உங்கள் மேசையில் இருப்பதை வெட்டினால் உள்ளே சதைப்பற்று நிறைந்திருக்கும். கணு மாதிரித் தெரியும் வளையங்கள் இலை உதிர்ந்த தழும்புகள்தான்.

கேள்வி: மஞ்சள் விளிம்பு உள்ள பாம்புச் செடியின் ஓர் இலையைத் துண்டாக்கி நட்டேன். கன்று வந்தது, ஆனால் முழுப் பச்சை. விளிம்பில் மஞ்சளே இல்லை. வேறு செடி கலந்துவிட்டதா?

பதில்: கலக்கவில்லை தம்பி, அதே செடிதான். அந்த மஞ்சள் விளிம்பு இலை முழுவதற்கும் பொதுவான குணம் இல்லை. செடிக்குள் இரண்டு வித மரபுள்ள செல் அடுக்குகள் சேர்ந்து வாழ்கின்றன; ஒன்று பச்சையம் உருவாக்கும், மற்றது உருவாக்காது. இலைத்துண்டிலிருந்து வரும் கன்று பச்சை அடுக்கிலிருந்து மட்டும் கிளம்பிவிடுகிறது. மஞ்சள் விளிம்பு வேண்டுமென்றால் இலையை நடாமல், மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டோடு பக்கக் கன்றைப் பிரித்து நடுங்கள்.

செடியை நிறத்தால் அடையாளம் காணக் கூடாது என்பதற்கு உங்கள் தொட்டியே சாட்சி. தாயும் பிள்ளையும் பார்வைக்கு இரண்டு வகை. பழைய புத்தகங்களில் இது சான்சிவேரியா என்று இருக்கும். இப்போது அந்தப் பேரினம் முழுவதையும் டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் இதற்கு முந்தைய கேள்வியில் வந்த லக்கி பாம்பூவும் உங்கள் பாம்புச் செடியும் நெருங்கிய சொந்தம்.

கேள்வி: எங்கள் வளாகத்தில் மஞ்சள்பச்சை இலையோடு வேலி மாதிரி வெட்டிவிட்ட புதர் இருக்கிறது. பூத்து நான் பார்த்ததே இல்லை. பூ இல்லாமல் செடியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா? (கல்லூரி மாணவி)

பதில்: தாராளமாக முடியும். நான் தாவரவியல் வகுப்பு எடுத்த நாட்களில், கிளையைக் கையில் கொடுக்கும்போதே பூவைக் கிள்ளி வைத்துக்கொண்டுதான் கொடுப்பேன். பூ இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

முதல் வேலை, எது இலை என்று முடிவு செய்வது. இலைக்காம்பு தண்டில் சேரும் மூலையில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். மொட்டு இருந்தால் அதற்கு வெளியே இருப்பது ஒரு முழு இலை. மொட்டு இல்லையென்றால் நீங்கள் பிடித்திருப்பது கூட்டிலையின் ஒரு சிற்றிலை. கறிவேப்பிலைக் கொத்தை எடுத்துப் பாருங்கள். சிற்றிலைகளின் அடியில் மொட்டே இருக்காது. கொத்து முழுவதும் கிளையில் சேரும் இடத்தில்தான் இருக்கும். அந்தக் கொத்து முழுவதும் ஒரே இலை. வீட்டுக்குள் வளர்க்கும் ஜீஜீ செடியும் இப்படித்தான். தண்டு தண்டாக நிமிர்ந்து நிற்பவை ஒவ்வொன்றும் ஓர் இலை. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. கீழாநெல்லி இதற்கு எதிர்ப்பக்கம். பார்த்தால் கூட்டிலை மாதிரியே தெரியும், ஆனால் ஒவ்வொரு சின்ன இலைக்கும் அடியில் பூவும் காயும் தொங்குகின்றன. காய் காய்ப்பது கிளையில்தானே? அப்படியானால் அது கூட்டிலை இல்லை, இலைகள் வைத்த கிளை. இந்த ஒன்றைப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இரண்டாவது, இலைகள் எதிரெதிராக ஜோடியாக வருகின்றனவா, மாறிமாறி ஒவ்வொன்றாக வருகின்றனவா என்று பார்ப்பது. வெட்டிவிட்ட வேலியில் நுனிப்பகுதியில் இலைகள் நெருங்கிக் கிடக்கும், ஏமாற்றும். உள்ளே கையை விட்டு, ஒரு சாண் நீளத்துக்கு நேராகப் போகும் குச்சியைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஓர் இலையைக் கிள்ளுங்கள். பால் வருகிறதா, வாசனை வருகிறதா, விரலில் பிசுபிசுக்கிறதா? வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள் தெரிகின்றனவா? புள்ளி தெரிந்து, கசக்கினால் வாசனையும் அடித்தால் எலுமிச்சைக் குடும்பமாக இருக்கலாம். தண்டு உருண்டையா, நான்கு பட்டையா என்று விரலால் உருட்டுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். என் கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும்.

இனி உங்கள் வேலி. மஞ்சள்பச்சை இலையோடு அப்படி வெட்டி வளர்ப்பதில் இரண்டு செடிகள் பரவலானவை. இலை எதிரெதிர், பால் இல்லை, ஓரத்தில் நுனிப்பக்கம் சிறு பற்கள், சில கணுக்களில் முள்: இப்படி இருந்தால் டுராண்டா. இலை மாறிமாறி, ஓரம் வழவழப்பு, கிள்ளினால் பால், கிளை நுனியில் கூம்பாக ஒரு மூடி: இப்படி இருந்தால் ஆலமர இனத்தைச் சேர்ந்த ஃபைக்கஸ். அந்த மூடி இலையடிச் செதில். இளம் இலையைப் போர்த்தியிருக்கும், இலை விரியும்போது உதிரும், உதிர்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு தழும்பு விழும். ஆல், அரசு, அத்தி எல்லாவற்றிலும் அந்தத் தழும்பைப் பார்க்கலாம். வீட்டுக்குள் தொட்டியில் வளரும் ஃபைக்கஸ் பெஞ்சமினாவிலும் உண்டு.

வேலியில் டுராண்டா பூப்பதில்லை என்பதற்குக் காரணம் கத்தரிக்கோல். அது கிளை நுனியில் பூக்கும் செடி. நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால் எங்கே பூக்கும்? ஒரு மூலையை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள். வெளிர் நீலப் பூச்சரமும், பிறகு ஆரஞ்சு நிறக் காய்ச்சரமும் வரும். காய் நஞ்சு, வாயில் வைக்கக் கூடாது.

கேள்வி: அடுக்கடுக்காக வெள்ளைப் பூப் பூக்கும் எங்கள் செடியை நான் நந்தியாவட்டை என்கிறேன், மருமகள் கார்டீனியா என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: ஓர் இலையைக் காம்போடு ஒடியுங்கள். பால் வந்தால் நீங்கள், வராவிட்டால் மருமகள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் எதிரெதிரான இரண்டு இலைக்காம்புகளுக்கு நடுவே, தண்டின்மேல் பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கார்டீனியாவில் அங்கே ஒரு சிறு செதில் இரண்டு காம்பையும் இணைத்துத் தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். எதிரெதிர் இலையும் காம்புகளுக்கு நடுவே செதிலும் சேர்ந்திருந்தால் அது காப்பிச் செடியின் குடும்பம் என்று சொல்லிவிடலாம்; அவ்வளவு நம்பகமான அடையாளம். நந்தியாவட்டையில் அந்தச் செதில் இருக்காது. கிளை இரண்டிரண்டாகக் கவட்டை பிரியும், பூ அந்தக் கவட்டையிலிருந்து வரும். ஒற்றைப் பூ வகையாக இருந்தால் இதழை எண்ணலாம். நந்தியாவட்டைக்கு ஐந்து, காற்றாடி போலத் திருகியிருக்கும்; கார்டீனியாவுக்குப் பெரும்பாலும் ஆறு. அடுக்கு வகையில் எண்ணிப் பயனில்லை.

இதே செதிலை வைத்து இன்னொரு வாசகரின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'கொத்தாகச் சிவப்புப் பூ. இட்லிப்பூவா, உன்னிச்செடியா, பென்டாஸா?' என்று கேட்டிருக்கிறார். இட்லிப்பூவிலும் பென்டாஸிலும் செதில் உண்டு; இட்லிப்பூவுக்கு நான்கு இதழ், வழவழப்பான தடித்த இலை; பென்டாஸுக்கு ஐந்து இதழ், ரோமம் உள்ள மெல்லிய இலை. உன்னிச்செடியில் செதில் கிடையாது. தண்டு நான்கு பட்டை, அதில் சிறு முட்கள், இலை சொரசொரப்பு, கசக்கினால் நெடி. ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக இருப்பது பூவுக்கு வயதாக வயதாக நிறம் மாறுவதால்.

கேள்வி: முள் நிறைந்த தண்டு, சின்னச் சிவப்புப் பூ, கொஞ்சம் இலையும் உண்டு. இதைக் காக்டஸ் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. அது யூஃபோர்பியா மிலி, மடகாஸ்கரைச் சேர்ந்தது. காக்டஸ் குடும்பத்துச் செடி எதுவானாலும் முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு வைத்தது போல ஒரு சிறு மெத்தை இருக்கும். முள்ளும் பூவும் அதிலிருந்துதான் வரும். சப்பாத்திக்கள்ளியில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம். உங்கள் செடியில் அந்த மெத்தை இல்லை, முள் நேராகத் தண்டிலிருந்தே வருகிறது. கீறினால் வெள்ளைப் பால் வரும். பால் மட்டும் போதாத சாட்சி, ஏனென்றால் சில மாமில்லேரியா காக்டஸ்களிலும் பால் உண்டு. மெத்தையைத்தான் நம்ப வேண்டும்.

நீங்கள் இதழ் என்று நினைக்கும் இரண்டு சிவப்புத் தகடுகள் பூவடிச் செதில்கள். நிஜப் பூக்கள் அவற்றுக்கு நடுவே மிகச் சிறியவையாக இருக்கின்றன. கிளை வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும் அளவுக்குப் புண்படுத்தும்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: செயலிக்கு நீங்கள் என்ன காட்டுகிறீர்களோ அதை வைத்துத்தான் சொல்லும். பெரும்பாலானவர்கள் பூவையோ ஒரே ஓர் இலையையோ மேலிருந்து எடுக்கிறார்கள். அதில் கணு தெரியாது, காம்பு தெரியாது, இலையின் அடிப்பக்கம் தெரியாது. முழுச் செடி ஒன்று, இலை சேரும் கணு ஒன்று, இலையின் முதுகு ஒன்று, காயோ பூவோ இருந்தால் பக்கவாட்டில் ஒன்று என்று எடுங்கள். செயலி சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன அடையாளங்களைச் செடியிலேயே சரிபாருங்கள். தின்னலாமா என்ற கேள்விக்கு மட்டும் செயலியின் பதிலை ஒருபோதும் ஏற்க வேண்டாம்.

எனக்கு அஞ்சலில் அனுப்புபவர்களுக்கும் இதே வேண்டுகோள். தனி இலை வேண்டாம். இரண்டு கணுவாவது உள்ள கிளைத்துண்டு வேண்டும். செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றிக் காயவையுங்கள். ஓர் இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வையுங்கள். கிள்ளும்போது பால் வந்ததா, என்ன வாசனை, பூ என்ன நிறம், செடி என்ன உயரம் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். காய்ந்தபின் இவை எதுவும் எனக்குத் தெரியாது. அரளி வகை என்று சந்தேகம் இருந்தால் செடியை அனுப்பாமல் படம் மட்டும் அனுப்புங்கள்.